ஊதின காற்று

ஊதி வெளியே விட்ட காற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்? முடியாதென்று எனக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள், அந்த அளவுக்கு அறிவு இருக்கிறது. ஆனாலும் விடிந்ததிலிருந்து மனசு அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறது, பால் பொங்கும்போது, தக்காளி அரியும்போது, இதோ இப்போது மகளை முன்னால் உட்காரவைத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு தலை சீவும்போதும். கனிஷ்காவுக்கு என் முடி. அடர்த்தியான சுருட்டை, ராத்திரி ஒருமுறை புரண்டு படுத்தால் போதும், காலையில் காக்காய்க்கூடு. நுனியிலிருந்துதான் சிக்கெடுக்க வேண்டும், உச்சியில் சீப்பை வைத்து இழுத்தால் பிள்ளைக்கு உயிர் போகும். நுனியில் கொஞ்சம், அது விட்டதும் இன்னும் கொஞ்சம் மேலே, அப்படியே ஏறிப் போகணும். முன்பெல்லாம் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கத்து கத்துவாள். கத்தாத அம்மிணி, சிக்குக்குள்ள இருக்கிற குருவி பயந்து பறந்துரும், முட்டையெல்லாம் என் மடியில உழுந்துரும் என்பேன், கத்துவதை விட்டுவிட்டுச் சிரிப்பாள். இப்போது கத்துவதே இல்லை. சீப்பு இழுக்கிற பக்கமெல்லாம் தலையும் கூடவே வருகிறது, கயிற்றுக்குப் பின்னால் வரும் கன்றுக்குட்டி மாதிரி. இன்றைக்கும் குருவிக் கதையை ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே சத்தம் நின்றுபோயிற்று. ஊருக்குள் என் பேர் சிரிப்பாணிக் கோகிலா. எழவு வீட்டில்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டியவள் என்று என் மாமியார் சொல்லும். அந்தச் சிரிப்பெல்லாம் எந்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டதோ.

உள்ளறையில் அவர் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பொத்தான் போடுவதற்கு ஏது சத்தம், ஆனாலும் எனக்குக் கேட்கிறது, ஒவ்வொன்றாக, நிதானமாக. ஸ்கூல் வேன் ஓட்டப் போடுகிற காக்கிச் சட்டை ஆணியில் அப்படியே தொங்குகிறது. அதை எடுத்துத் துவைத்து மடித்துவைத்தால் இனி அது வேண்டாம் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் தொடவில்லை, தோள்பட்டையில் தூசி படிந்துவிட்டது. இன்றைக்கு வெள்ளைச் சட்டை. காதுகுத்துக்குப் போட்ட அதே வெள்ளை. கோர்ட்டுக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார் வக்கீல், அவரிடம் நல்ல சட்டை என்று இருப்பது அது ஒன்றுதான். வக்கீல் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம் மாதிரி மனசில் நிற்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேசுக்கு முதல் தடவையிலேயே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம், அல்லது அபராதம் போடலாம், அல்லது ரெண்டும் போடலாம். வண்டிக்குள் ஸ்கூல் பிள்ளைகள் இருந்ததால் ஜட்ஜம்மா எப்படிப் பார்ப்பார்களோ சொல்ல முடியாது. இரக்கம் வந்தால் அபராதத்தோடு கோர்ட்டு கலைகிற வரைக்கும் நிற்கவைத்து அனுப்பிவிடுவார்கள். அதுவும் ஒரு தண்டனைதானாம், அதற்கும் ஜெயில் என்றுதான் பேராம். நான் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிற்கட்டும், சாயந்திரம் வரைக்கும் நிற்கட்டும். இடது முழங்கால் வலிக்கும் அவருக்கு, வருசக்கணக்காகக் கிளட்ச் மிதித்த கால், ராத்திரியே தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும். ஆனால் வந்தபிறகு? லைசென்சைப் போலீசில் அன்றைக்கே வாங்கி ஆர்டிஓ ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச மாசம் நிறுத்தியும் வைக்கலாம், ஒரேயடியாக ரத்தும் செய்யலாம். ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்கென்று பேட்ஜ் ஒன்று தனியாக உண்டு, அதுவும் அதோடு சேர்ந்து போகும். சொந்த பைக்கில் போகிறவர் மாட்டினால் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் தன் வேலைக்குப் போய்விடலாம். இவருக்கு அந்த அட்டைதான் வேலையே. சிக்கு ஒன்று கெட்டியாக இருக்கிறது, காதுக்குப் பின்னால். வலிக்குதா கண்ணு என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

காதுக்குப் பின்னால். காது. எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது. நாத்தனார் சுகந்தியின் பையனுக்குக் காதுகுத்து, முத்தூருக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். என் வீட்டுக்காரர் தனபாலுக்கு ஒரே தங்கச்சி, ஒரே மருமகன், ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை. சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு நாங்கள் போகும்போது மேளக்காரர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனார். பையன் கத்தக் கத்த, முடிஞ்சுது சாமி முடிஞ்சுது சாமி என்று சொல்லி, குத்தி முடித்தபிறகு பையனைவிட அவர்தான் அதிகம் அழுதார். நான் எல்லோருக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் கெடா விருந்து. பொம்பளைகள் இலை போடுகிற பக்கம், ஆம்பளைகள் டெம்போ நிறுத்தியிருந்த மறைவில். அந்த வீட்டில் ஒரு வழக்கம், முதல் டம்ளரைத் தாய்மாமன் தொட்டால்தான் மற்றவர்கள் தொடுவார்கள். இவர் குடிக்கிற ஆளே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பொய் எதற்கு, விசேசம் என்றால் உண்டு, வேன் இருக்கிற நாளில் கிடையாது. நாளைக்கு வேன் இருக்குதுங்க மாப்ள என்று சொல்லிப் பார்த்தாராம். தங்கச்சி வீட்டுக்காரர் விடவில்லை. காலைல வேனுக்கு இன்னும் ஒரு ராத்திரியே கெடக்குது மச்சான், தூங்கி எந்திரிச்சா எல்லாம் இறங்கிரும், மருமவனத் தாங்குன கைக்கு ஒரு டம்ளரத் தாங்க முடியலீங்களா என்று கேலி. தூங்கி எழுந்தால் இறங்கிவிடும். இது அந்த மாப்பிள்ளை புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, வேன் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், மினி பஸ் ஓட்டுகிறவர் அத்தனை பேரும் வேதம் மாதிரி நம்புகிற கணக்கு. ராத்திரிக்குள்ள முடிச்சிடணும், காலைல தலைக்குத் தண்ணி ஊத்திடணும், அவ்வளவுதான். இவரும் நம்பினார். வழக்கத்துக்கு ஒன்று, தங்கச்சிக்காக ஒன்று, அழுதுவிட்ட வெட்கத்துக்கு ஒன்று, அப்புறம் நேரம் போனது தெரியாமல் எத்தனையோ. ஆனால் பாருங்கள், அன்றைக்கு ராத்திரி அவர் வண்டியைத் தொடவே இல்லை. நானும் கனியும் போன ஸ்கூட்டியைக்கூட என்னை ஓட்ட விடவில்லை, இருட்டுல புள்ளைய வெச்சுக்கிட்டு வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டு, பாத்திரம் ஏற்றி வந்த டெம்போவில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அண்டாவுக்கும் குண்டாவுக்கும் நடுவே கனியை மடியில் படுக்கவைத்துக்கொண்டு வந்தவர், டெம்போக்காரரிடம் பையப் போங்க, பையப் போங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர். அவ்வளவு கவனமான ஆள். அவ்வளவு கவனமும் ராத்திரியோடு தீர்ந்துபோயிற்றே.

காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தார், நல்ல குளிர், பல் கிட்டுகிற சத்தம் சமையற்கட்டு வரைக்கும் கேட்டது. பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தார். திருநீறு பூசினார். உள்ளங்கையைக் குவித்து வாய்க்கு நேரே வைத்து ஊதி மோந்து பார்த்துக்கொண்டார், அதைக் கனி பார்த்துவிட்டு அவளும் தன் கையில் ஊதி மோந்து பார்த்து, எனக்குப் பேஸ்டு வாசம் அடிக்குது, உங்களுக்கு என்ன வாசம்ப்பா என்று கேட்டாள். அவருக்கும் பேஸ்டு வாசம்தான் அடித்திருக்கிறது. நிமிர்ந்து நடந்தார், தடுமாற்றம் இல்லை, சொன்ன வார்த்தை ஒன்று குழறவில்லை. கனி எப்போதும்போல வேனில் அவருக்குப் பக்கத்துச் சீட்டு. டிரைவர் பிள்ளை என்கிற ஒரு கர்வம் அவளுக்கு, மற்ற பிள்ளைகள் ஏறும்போது இவள்தான் கதவைப் பார்த்து ஏறுங்க ஏறுங்க என்று சொல்வாள். பைபாஸ் பிரிவில் அன்றைக்கு ஸ்கூல் வண்டிகளுக்கு மட்டும் என்று சோதனை. முதலுதவிப் பெட்டி பார்த்தார்கள், பிரேக் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது, அவர் வண்டியில் எது சரியில்லாமல் இருந்திருக்கிறது. அப்புறம் டிரைவர் இறங்கு, ஊது என்று மிசினை நீட்டினார்கள். அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ருக்குமணி அக்கா சொல்லித்தான் தெரியும், ஆனால் நான் பக்கத்தில் நின்ற மாதிரிதான் தினமும் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும், பலூன் ஊதுகிற மாதிரி ஏதோ விளையாட்டு என்று நினைத்து எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டன. இவர் ஊதினார். மிசினில் ஒன்றும் வரவில்லை. பத்தலை, இன்னொரு தடவ ஊதுய்யா என்றார் போலீஸ்காரர். பிள்ளைகள் கை தட்டின. என் மகள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, எல்லோரையும்விடச் சத்தமாக, பலமா ஊதுங்கப்பா, இன்னும் பலமா என்று கத்தினாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். சிரித்துவிட்டு நெஞ்சு முட்ட மூச்சிழுத்து ஊதினாராம். மிசின் கத்தியது. நம்பர் வந்தது. அப்பா ஜெயிச்சுட்டீங்களா என்று இவள் கேட்டாள். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டருக்கும் பெண் பிள்ளை இருக்கும்போல, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார் என்றார் ருக்குமணி அக்கா.

இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். சீப்பு நிற்கிறது, கை நிற்கிறது. அன்றைக்குச் சாயந்திரம் ருக்குமணி அக்கா சமையற்கட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லச் சொல்ல, நான் அடுப்பை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன், கனி மேடைக்குக் கீழே பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். மொதோ ஊதுனதுல ஒன்னுமே காட்டல அம்மிணி, அதோட உட்டிருந்தா போயிருக்கும், பலமா ஊதப் போயித்தான் மாட்டிக்கிச்சு என்று அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டது. அது விவரம் இல்லாத பேச்சு. மிசினுக்கு மூச்சுப் பத்தாவிட்டால் பத்துகிற வரைக்கும் ஊதத்தான் சொல்வார்கள், தப்பிக்கிற வழியே இல்லை என்று வக்கீல் பிறகு விளக்கினார். அதுவும் தவிர தப்பித்திருந்தால் நல்லதா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். வேறொருவர் வீட்டு ஆம்பளை இப்படி ஓட்டி, அந்த வண்டியில் என் பிள்ளை போயிருந்தால், நான் போலீசுக்கு முன்னால் விளக்குமாற்றோடு போயிருப்பேன். பக்கத்துத் தெரு லோகேஸ்வரி அக்காவுடைய இரட்டைப் பிள்ளைகள் அந்த வேனில்தான் போகும், யூகேஜி. மறுநாள் காலையில் அந்த அக்கா வாசலில் வந்து நின்றது. சண்டைக்குத்தான் வருகிறது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன், சண்டை என்றால் எனக்கும் வாய் இருக்கிறது. அது சண்டை போடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உம்பட புள்ளையும் அதுலதான கோகிலா இருந்துச்சு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டது. உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தவர், அதிலிருந்து பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஸ்கூலில் அன்றைக்குச் சாயந்திரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். டிரைவர் பிள்ளை என்று இவளுக்குப் பீசில் கொடுத்திருந்த சலுகை இந்த வருசத்தோடு சரி என்றார்கள், அதையும் குறை சொல்லமாட்டேன். வக்கீல் எங்களைக் கூப்பிட்டு, இருமல் மருந்து குடித்தேன் என்று சொன்னால் கேசைக் கொஞ்ச நாள் இழுக்கலாம், பார்க்கலாமா என்று கேட்டபோது நான் மேசைக்கடியில் இவர் தொடையைக் கிள்ளினேன், சரின்னு சொல்லுங்க என்று. ரெண்டு மனசு எனக்கு, ஒன்று அம்மா மனசு, ஒன்று பொண்டாட்டி மனசு, கிள்ளியது எது என்று தெரியவில்லை. இவர் என் கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, குடிச்சனுங்க சார், குடிச்சேன்னே சொல்லிர்றேனுங்க என்றார். ஒப்புக்கொண்டால் இன்றைக்கே தீர்ப்பு. நிற்கவைப்பார்களா, கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா, சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும்.

சிக்கெல்லாம் எடுத்தாயிற்று, வகிடு எடுக்கணும். நேராக வரவேண்டும் வகிடு, கோணலாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது, கண்ணாடியைப் பார்த்து மறுபடி மறுபடி எடுக்கச் சொல்வாள். இப்போது கோணலா நேரா என்று கேட்பதே இல்லை. அவர் உள்ளறையில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்போல, நாற்காலி கிறீச்சிட்டது. அங்கே என்ன செய்துகொண்டிருப்பார் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். இடது கால் தரையை மிதித்து மிதித்து விடும். அது அவருக்கே தெரியாது. டிவி பார்க்கும்போதும் மிதிக்கும், தூக்கத்தில் கையும் சேர்ந்து கியர் மாற்றும், கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி என் முழங்கையைப் பிடித்து மூணாவது கியர் போட்டுவிட்டார் என்று நான் என் அக்காவிடம் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். எனக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஊருக்குள் எத்தனையோ பொம்பளைகள் சும்மா எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள், என்னை விடமாட்டார். லைசென்சு கைக்கு வராம ரோட்ட மிதிக்கப்படாது கோகிலா, ரோடுங்கறது நம்ம ஊட்டு வாசல் இல்ல என்பார். கோபித்துக்கொண்டுதான் போய் எட்டுப் போட்டு வாங்கினேன். அதனால் இப்போது வீட்டில் வண்டி ஓட்டலாம் என்று சட்டம் சொல்கிற ஆள் நான் மட்டும்தான். அவர் லைசென்சு போனால் பைக்கும் சேர்த்துத்தான் போகிறது. ஆர்டிஓ ஆபீசுக்கு, வக்கீல் வீட்டுக்கு, எல்லா இடத்துக்கும் நான் ஓட்ட, அவர் பின்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார். எதிரே பஸ் வந்தால் அவர் கால் என் செருப்புக்குப் பக்கத்தில் பிரேக்கைத் தேடுகிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் வேண்டுமென்றே ஹாரனை அடித்து, நம்ம டிரைவரு அம்மாவுக்கு நல்ல பயணிங்கோ, டிக்கெட்டுத்தான் எடுக்க மாட்டேங்கறாரு என்று கத்திக்கொண்டு போவேன், அவர் சிரிக்கட்டும் என்று. ஒருமுறை சிரித்தார். சிரிப்பு என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அழுகை. கம்பெனி வேன் நம்ம ஊர் வழியாகத்தான் வருகிறது, பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். சோற்றுக்கு வழி பண்ணத் தெரியாதவள் இல்லை நான். எனக்கு வழி தெரியாதது வேறு ஒன்று.

இந்தப் பிள்ளை. அவள் அப்பாவோடு பேசுவதில்லை. அந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஸ்கூலில் பிள்ளைகள் ஏதோ கேலி பேசியிருக்கிறார்கள், குடிகாரன் மகள் என்றோ என்னவோ, மிஸ்ஸைக் கேட்டால் நாங்க பாத்துக்கறோம் என்கிறார்கள். வேனில் ஏறமாட்டேன் என்றாள், நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அவர் வீட்டுக்குள் வந்தால் இவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள், அவர் தட்டில் உட்கார்ந்தால் இவள் பாதியில் எழுந்துவிடுகிறாள். வெட்கம், வேறென்ன. அப்பாதான் உலகம் என்று இருந்த பிள்ளைக்கு அப்பாவைப் பார்க்கவே கூசுகிறது. அவருக்கும் அது புரிந்துவிட்டது, அதனால் அவள் தூங்கினபிறகுதான் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார். பாப்பா என்னைய மொகங் குடுத்தே பாக்கறதில்ல கோகிலா, ஜெயிலுக்குப் போடட்டும், அதுகூட பரவால்ல என்றார் ஒருநாள். கேசு ஆனதிலிருந்து அதுவரைக்கும் என் முகத்துக்கு நேரே அழாத ஆள், அன்றைக்கு அழுதுவிட்டார். பிடிவாதமும் சேர்ந்துகொண்டது இவளுக்கு. பாலைக் கொடுத்தால் சூடாக இருக்கிறது என்று வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊதிக் குடிடி, நேரமாகுது என்றால் ஊதமாட்டாள், ஆடை படிந்து ஆறிப்போனபிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள். எழுதும்போது ரப்பர் தூளை ஊதித் தள்ளுகிற பிள்ளை, இப்போது ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குகிறாள். போன வாரம் பிறந்தநாள், வீடு இருக்கிற இருப்பில் எதுக்கு என்றார், நான்தான் சின்னதாக ஒரு கேக்கு வாங்கி வந்தேன், வீட்டில் ஒரு நாளாவது சிரிப்புச் சத்தம் கேட்கட்டும் என்று. மெழுகுவத்தியைப் பற்றவைத்துவிட்டு நான் கை தட்டிப் பாடுகிறேன், இவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நிற்கிறாள். ஊதுடி தங்கம் என்கிறேன், தலையை ஆட்டுகிறாள். கதவோரம் நின்றிருந்தவர், தான் நிற்பதால்தான் பிள்ளை ஊதமாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார், செருப்புகூடப் போடவில்லை. அவர் போனபிறகும் இவள் ஊதவில்லை. மெழுகு உருகிக் கேக்கு மேலேயே வடிந்து, திரி தானாகவே சாய்ந்து அணைந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. ஏழு வயசுப் பிள்ளைக்கு இத்தனை வைராக்கியமா, பெத்த அப்பன் மேலே.

இடப்பக்கச் சடையும் பின்னியாயிற்று. மூன்று கால், ஒன்றின்மேல் ஒன்று, இறுக்கினால் வலிக்கும், தளர்த்தினால் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். ரிப்பனை மடித்துக் கட்டுகிறேன். நீல ரிப்பன், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, புதுசு வாங்கணும். இவளை ஸ்கூலில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து அவரை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு. மூன்று பேரும் ஒரே வண்டியில் போனால் அதற்கும் ஒரு கேசு போட்டுவிடுவார்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நேற்று நான் சொன்னேன், அவர் உம் என்றார். டிபன் டப்பா கட்டிவிட்டேன், அவருக்கும் ஒன்று, கோர்ட்டில் சாப்பிட விடுவார்களோ என்னவோ தயிர்சாதம்தான், கெடாது. ஒருவேளை கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் ஒரு துண்டு, ஒரு பனியன், தைல பாட்டில், பையின் அடியில் வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாமல். தெரிந்துதான் இருக்கும். இன்றைக்காவது இந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து ஒரு டாட்டா சொன்னால் போதும். சொல்லு என்று நான் சொல்லமாட்டேன், சொல்லிச் செய்தால் அது அவருக்கு இன்னும் வலிக்கும். முடிஞ்சுது, எந்திரி கண்ணு என்று முதுகில் தட்டினேன். எழுந்தாள். புத்தகப்பையை எடுக்கப் போவாள் என்று பார்த்தேன், போகவில்லை. அவர் வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல், வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார், வெள்ளைச் சட்டை முதுகில் இஸ்திரி மடிப்பு. இவள் நேராக அவரிடம் போனாள். அவர் குனிந்த வாக்கில் அப்படியே இருந்துவிட்டார், அசைந்தால் ஓடிப்போய்விடுவாளோ என்கிற மாதிரி. சட்டைக் காலரைப் பிடித்து அவர் காதைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். ரகசியம்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது, சீப்பில் சிக்கியிருந்த முடியை நான் விரலில் சுற்றிக்கொண்டே நின்றேன்.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னதுனாலதான். மொதோ ஊதுனப்ப ஒன்னுமே வரலையில்ல. நான் இன்னிக்குப் பேசவே மாட்டேன், ஊதக்கூட மாட்டேன். கோர்ட்டுல ஊதச் சொன்னா மெதுவா ஊதுங்கப்பா."